ஆளுநருக்கு ஆலோசனை சொல்ல யார் இருக்கிறார்கள்? வன்னியின் ஆறு உறுப்பினர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உறுப்பினர்களே,

வணக்கம். மன்னார், வவுனியா, முல்லைத்தீவு ஆகிய மூன்று மாவட்டத்துச் சனமும் சேர்ந்து உங்கள் ஆறு பேரையும் பாராளுமன்றத்துக்கு அனுப்பியிருக்கிறோம். உங்கள் கட்சிகள் வேறு வேறு. இந்த மடல் ஆறு பேருக்கும் பொதுவானது. கிளிநொச்சியும் எங்கள் வன்னிதான், ஆனால் அந்த மக்களின் வாக்கு யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தோடு சேர்ந்திருப்பதால் அவர்களுடைய உறுப்பினர்களை இங்கே விளிக்கவில்லை. வாசித்தால் மகிழ்வேன்.

நான் மாங்குளத்துக்கும் ஒட்டுசுட்டானுக்கும் இடையிலுள்ள ஒரு ஊரில் இருக்கிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியை. உயர்தர வகுப்புக்கு அரசறிவியல் படிப்பித்தவள். கட்டிடம் இருந்த காலத்திலும் படிப்பித்தேன், மரத்தடியில் சாக்கு விரித்த காலத்திலும் படிப்பித்தேன்.

2019இல் ஒரு நாள் வகுப்பில், மாகாண சபைகளை உருவாக்கிய அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். மாகாணத்தின் நிறைவேற்று அதிகாரம் ஆளுநரிடம் இருக்கிறது. அவருக்கு உதவவும் ஆலோசனை சொல்லவும் முதலமைச்சரும் நான்கு பேருக்கு மேற்படாத அமைச்சர்களும் கொண்ட ஒரு சபை இருக்கும். தற்றுணிபாக, அதாவது தன் சொந்த முடிவின்படி, செய்யவேண்டியவை என்று அரசியலமைப்பு ஒதுக்கியவை தவிர, மற்ற எல்லாவற்றிலும் ஆளுநர் அந்த ஆலோசனைப்படிதான் நடக்க வேண்டும். இவ்வளவையும் கரும்பலகையில் எழுதி முடித்தேன். பின் வாங்கிலிருந்து ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டாள்: "ரீச்சர், அப்ப இப்ப ஆளுநருக்கு ஆலோசனை சொல்லுறது ஆர்?"

வடக்கு மாகாண சபையின் ஐந்து வருடம் 2018 ஒக்டோபரில் முடிந்துவிட்டது. முதலமைச்சரும் இல்லை, அமைச்சர்களும் இல்லை. அந்தப் பிள்ளைக்கு நான் சொன்ன பதில் "தேர்தல் வரும், இரு" என்பதுதான். அவள் பரீட்சை எழுதி, பல்கலைக்கழகம் போய், முடித்தும் வந்துவிட்டாள். தேர்தல் இன்னும் வரவில்லை.

அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலைத்தான் இப்போது உங்களுக்கு எழுதுகிறேன். கொஞ்சம் சுற்றி வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"ஆலோசனை" என்ற இந்தச் சொல்தான் எல்லாக் குழப்பத்துக்கும் காரணம். வீட்டுப் பேச்சில் ஆலோசனை என்றால் கேட்டாலும் கேட்கலாம், விட்டாலும் விடலாம். அரசியலமைப்பில் அப்படியில்லை. முடியரசு நாடுகளிலிருந்து வந்த சொல் அது. அரசரின் கையொப்பம் இல்லாமல் எதுவும் நடக்காது, ஆனால் எதில் ஒப்பமிடுவது என்று முடிவெடுப்பவர்கள் மக்கள் தெரிவுசெய்த அமைச்சர்கள். ஒப்பமிடும் அரசர் யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லை. ஆலோசனை சொன்ன அமைச்சர்தான் சபையில் எழும்பி நின்று பதில் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் பதவியை விட்டுப் போக வேண்டும்.

வன்னியில் பிறந்தவர்களுக்கு இது புது விசயமில்லை. சின்ன வயதில் அப்பாவோடு சிறுபோகப் பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்குப் போயிருக்கிறேன். அரசாங்க அதிபர் வந்து நடுவில் இருப்பார். வெள்ளைத் துணி விரித்த மேசை. குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று நீர்ப்பாசன எஞ்சினியர் சொல்வார். எந்த வாய்க்காலில் எத்தனை ஏக்கர் தாங்கும் என்று, தண்ணீர்ப் பங்கீட்டைக் கவனிக்கும் வட்டவிதானை சொல்வார். அப்புறம் கமக்காரர் சண்டை பிடிப்பார்கள். பங்கு பிரிப்பதில் சத்தம் எழும்பும், ஒருவர் சால்வையை உதறிக்கொண்டு வெளியே போவார், இன்னொருவர் போய்க் கூட்டிவருவார். கடைசியில் விதைக்கும் திகதியிலும் தண்ணீர் திறக்கும் திகதியிலும் உடன்பாடு வரும். அதிபர் "சரி, அப்படியே எழுதுங்கோ" என்பார். எழுதியதும் அது சட்டம். கையொப்பம் அதிபருடையது, முடிவு கமக்காரருடையது. பிழைத்தால் யாரைக் கேட்பது என்றும் ஊருக்குத் தெரியும்.

இப்போது அந்தக் கூட்டத்துக்குக் கமக்காரர் ஒருவர்கூட வரவில்லை என்று நினைத்துப் பாருங்கள். வராததற்குக் காரணம் அவர்களுக்கு அழைப்பே போகவில்லை. அதிபர் மட்டும் இருந்து, கோப்பைப் பார்த்துத் திகதி குறிக்கிறார். நல்ல மனிதராகவே இருக்கட்டும், திகதிகூடச் சரியாக அமையட்டும். அதை யாராவது பயிர்ச்செய்கைக் கூட்டம் என்று சொல்வார்களா? 2018 ஒக்டோபரிலிருந்து வடக்கு மாகாணத்தின் ஆட்சி அப்படித்தான் நடக்கிறது.

எங்கள் நாடும் 24 வருடம் முடியரசாக இருந்தது என்பதை இளம் பிள்ளைகள் பலர் அறியமாட்டார்கள். 1948 பெப்ரவரி 4 முதல் 1972 மே 22 வரை இலங்கையின் தலைவர் முதலில் ஆறாம் ஜோர்ஜ் மன்னர், பிறகு எலிசபெத் அரசி. அவர்களுக்குப் பதிலாகக் கொழும்பில் மகாதேசாதிபதி இருந்தார். அந்த ஆட்சிமுறையின் முதல் பாடத்தை நடத்திக் காட்டியவர் வவுனியாவின் உறுப்பினர் என்பது எனக்கு இன்றும் பெருமை. 1947இல் டி. எஸ். சேனநாயக்க அமைத்த முதல் அமைச்சரவையில் இரண்டு தமிழர்கள் இருந்தார்கள், இருவரும் வன்னித் தொகுதிகளில் வென்ற சுயேச்சைகள். வவுனியாவிலிருந்து செல்லப்பா சுந்தரலிங்கம், மன்னாரிலிருந்து கதிரவேலு சிற்றம்பலம். சுந்தரலிங்கம் வர்த்தக அமைச்சர், சிற்றம்பலம் தபால் அமைச்சர். 1948 டிசம்பரில் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டமூலம் சபைக்கு வந்தபோது சுந்தரலிங்கம் எழும்பி வெளியே போய்விட்டார். பிரதமர் விளக்கம் கேட்டார். விளக்கம் கொடுப்பதற்குப் பதிலாக அவர் பதவியையே விட்டார். மலையக மக்களைப் பாதிக்கும் ஒரு முடிவுக்கு வெளியே ஒன்றும் உள்ளே ஒன்றுமாகப் பேசிக்கொண்டு அமைச்சரவையில் இருக்க முடியாது என்பதுதான் அதன் பொருள். கூட்டுப் பொறுப்பு என்ற பாடத்தைப் படிப்பிக்கும்போது நான் இலண்டன் உதாரணத்தை விட்டு இதைத்தான் சொல்வேன்.

முடியரசு எங்களைக் காப்பாற்றியது என்று நான் சொல்லவரவில்லை. அந்தக் குடியுரிமைச் சட்டமும் முடியின் பெயரால்தான் நிறைவேறியது. 1956இன் தனிச் சிங்களச் சட்டத்துக்கும் மகாதேசாதிபதி ஆலோசனைப்படிதான் ஒப்பமிட்டார். அரசர் வேண்டும் என்று கேட்பதற்காக இதை எழுதவில்லை. ஒப்பமிடுபவரையும் பதில் சொல்பவரையும் பிரித்து வைக்கும் அந்த அமைப்பில், பதில் சொல்பவர் இல்லாமற்போனால் என்ன நடக்கும் என்பதுதான் என் கவலை.

அதற்குத்தான் துவாலுவைப் பார்க்கச் சொல்கிறேன். பாடசாலையில் நாங்கள் பெரிய நாடுகளையே படிப்பிக்கிறோம். துவாலு பசுபிக் கடலில் ஒன்பது சிறு தீவுகள். மொத்த நிலம் 26 சதுர கிலோமீற்றர், ஏறத்தாழ முல்லைத்தீவு மாவட்டத்தின் நூறில் ஒரு பங்கு. சனத்தொகை பதினோராயிரம் அளவில். 1978 ஒக்டோபர் 1இல் சுதந்திரம் அடைந்தது. அதற்குச் சில வாரம் முன்னர்தான் இங்கே நிறைவேற்று சனாதிபதி முறை கொண்ட அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. நாங்கள் அதிகாரத்தை ஒரு கையில் சேர்த்த அதே காலத்தில் அவர்கள் அரசியை வைத்துக்கொண்டார்கள். 2008இல் குடியரசாகலாமா என்று வாக்கெடுத்துப் பார்த்தார்கள். வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு அளவினர் இருக்கிறபடியே இருக்கட்டும் என்றார்கள்.

அங்கே கட்சிகள் கிடையாது. ஒவ்வொரு தீவிலிருந்தும் வரும் உறுப்பினர்கள் கூடி, இரகசிய வாக்கால் தங்களுக்குள் ஒரு பிரதமரைத் தெரிகிறார்கள். அமைச்சர்களின் தொகை சபையின் பாதியைத் தாண்டக்கூடாது. அரசி இலண்டனில் இருந்ததால் அவருக்குப் பதிலாகத் தீவிலேயே ஒரு மகாதேசாதிபதி (சுருக்கமாகத் தேசாதிபதி என்றே எழுதுகிறேன்). அவரை நியமிக்கும் முறையைக் கவனியுங்கள். பிரதமர் முதலில் உறுப்பினர்களிடம் இரகசியமாக அபிப்பிராயம் கேட்க வேண்டும், பிறகுதான் பெயரை அனுப்ப வேண்டும். அந்தப் பெயரைத்தான் முடி நியமிக்கிறது. எங்கள் மாகாண ஆளுநரைச் சனாதிபதி தன் விருப்பப்படி நியமிக்கிறார், தன் விருப்பப்படி எடுக்கிறார். மாகாணத்தில் ஒருவரையும் கேட்கத் தேவையில்லை.

2012 டிசம்பரில் துவாலுவின் நிதியமைச்சர் லோட்டோஆலா மெத்தியா இறந்துபோனார். அவர் நுகுபெட்டாவு தீவின் உறுப்பினர். இடம் வெறுமையானது. அப்போது சபையில் மொத்தம் 15 பேர், அரசாங்கத்துக்குப் பெரும்பான்மை நூலிழையில். இடைத்தேர்தலில் தோற்றால் ஆட்சி போய்விடும். தேர்தல் அறிவித்தலைத் தொடக்கிவைப்பது பிரதமர் வில்லி தெலாவியின் கையில் இருந்தது. அவர் தொடக்கவில்லை. மாதங்கள் போயின. வழக்கு மேல் நீதிமன்றத்துக்குப் போனது. 2013 மே மாதத்தில் நீதிமன்றம், அறிவித்தலை விடுங்கள் என்று பிரதமருக்கே உத்தரவிட்டது. யூன் 28இல் வாக்கெடுப்பு. எதிரணி வேட்பாளர் வென்றார். 15இல் எட்டு பேர் எதிரணிப் பக்கம்.

அதோடு முடியவில்லை. சபையைக் கூட்டினால்தானே தோற்கடிக்க முடியும்? பிரதமர் கூட்ட மறுத்தார். வருடத்துக்கு ஒரு முறை கூட்டினால் போதும் என்பது அவர் தரப்பு நியாயம். கடைசியில் தேசாதிபதி சேர் இயகோபா இத்தாலெலி தானே சபையைக் கூட்டினார். யூலை 30இல் கூடிய சபையில் நம்பிக்கையில்லாப் பிரேரணைக்கு இடம் கிடைக்கவில்லை. ஓகஸ்ட் 1இல் தேசாதிபதி பிரதமரை நீக்கினார், மறுநாள் சபை கூட வேண்டும் என்று அறிவித்தார். பிரதமரோ, தேசாதிபதியை நீக்கும்படி அரசிக்கு எழுதுவதாக அறிவித்தார். அங்கிருந்து நீக்கம் ஒன்றும் வரவில்லை. ஓகஸ்ட் 2இல் பிரேரணை வென்றது. ஓகஸ்ட் 4இல் உறுப்பினர்கள் ஈனெலே சோபோஆகாவைப் பிரதமராகத் தெரிந்தார்கள்.

இந்தக் கதையை முதலில் வாசித்தபோது எனக்கு ஒரு இரவு நித்திரை வரவில்லை. வெறுமையான ஒரேயொரு ஆசனத்துக்காக ஒரு நாட்டில் நீதிமன்றம் எழும்பியிருக்கிறது. எங்களுக்கு வடக்கில் 38 ஆசனம் வெறுமை.

இன்னொன்றும் இருக்கிறது. தேசாதிபதி இத்தாலெலி தன் சொந்தத் தீர்மானத்தில் சபையைக் கூட்டியதும் பிரதமரை நீக்கியதும் ஒரே ஒரு காரியத்துக்காக. மக்களின் சபை கூட வழி திறந்தார். கூடியதும் விலகிக்கொண்டார், மிச்சத்தைச் சபையே பார்த்துக்கொண்டது. ஒப்பமிடுபவருக்குத் தற்றுணிபு கொடுப்பதற்கு ஒரு நியாயம் இருக்குமானால் அது இதற்குத்தான். எங்கள் மாகாணத்தில் ஆளுநரின் தற்றுணிபு வேறு விதமாக எழுதப்பட்டிருக்கிறது. எது தற்றுணிபுக்குரியது என்று கேள்வி வந்தால் ஆளுநரின் முடிவே இறுதியானது. மாகாணப் பொதுச் சேவையின் நியமனமும் இடமாற்றமும் ஒழுக்காற்று நடவடிக்கையும் 1987இன் மாகாண சபைகள் சட்டப்படி அவர் கையில். நிதி தொடர்பான நியதிச் சட்டம் (மாகாண சபை இயற்றும் சட்டம்) ஒன்றைச் சபைக்குக் கொண்டுவரவும் அவருடைய சிபாரிசு வேண்டும். அரசியலமைப்பின் நடை முடியரசின் நடை, உள்ளே இருக்கும் அதிகாரம் சனாதிபதியின் அதிகாரம்.

2013இலிருந்து 2018 வரை சபை இருந்த காலமும் குறையில்லாத காலம் என்று சொல்லமாட்டேன். 2013 செப்டெம்பரில் அவ்வளவு நம்பிக்கையோடு வரிசையில் நின்று வாக்களித்தோம். பிறகு அமைச்சர்கள் மீது விசாரணை, முதலமைச்சர் மீது நம்பிக்கையில்லாப் பிரேரணை என்று சபை தனக்குள்ளேயே சண்டையிட்டது. மன்னாரைச் சேர்ந்த ஒரு அமைச்சரை முதலமைச்சர் பதவி நீக்கினார். அவர் மேன்முறையீட்டு நீதிமன்றம் போக, 2018இல் அந்த நீக்கத்துக்கு இடைக்காலத் தடை வந்தது. அமைச்சரை நியமிப்பவர் ஆளுநர் என்றால் நீக்குபவர் யார் என்ற கேள்விக்கே தெளிவான விடை இல்லாமல் ஐந்து வருடத்தை ஓட்டியிருக்கிறோம். ஆனாலும் ஒன்று சொல்வேன். அப்போது குற்றம் சொல்ல ஒரு முகம் இருந்தது. பத்திரிகையில் பெயர் வந்தது, சபையில் கேள்வி வந்தது. இப்போது பெயரும் இல்லை, கேள்வியும் இல்லை.

இது காகிதத்தில் மட்டும் உள்ள குறையில்லை. எங்கள் ஊரின் சின்னப் பள்ளிக்கூடத்தில் ஒரு தவணை முழுவதும் கணித ஆசிரியர் இல்லை. பெற்றோர் சிலரோடு நானும் ஒரு அலுவலகத்துக்குப் போனேன். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். அங்கிருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். தன்னால் செய்யக்கூடியது இல்லை, மேலிடத்துக்கு எழுதுங்கள் என்றார். எழுதினோம். மேலிடம் இன்னொரு மேலிடத்துக்கு அனுப்பியது. ஒரு தாய் திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டார்: "இதுக்கு ஒரு அமைச்சர் இருப்பாரே ரீச்சர், அவரிட்டப் போவமா?" மாகாணக் கல்வி அமைச்சர் என்று ஒருவர் இருந்திருந்தால் போயிருப்போம். அவர் வாக்குக் கேட்டு எங்கள் படலைக்கு வந்தவராக இருந்திருப்பார். கிராமத்து வைத்தியசாலை, மாகாண வீதி, கூட்டுறவுச் சங்கம் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

சரி, பழி யார் மீது? ஆளுநர்களாக வந்தவர்கள் மீது போடுவது சுலபம், ஆனால் அவர்கள் தேர்தலை நிறுத்தவில்லை. நிறுத்தியது நீங்கள் இருக்கும் அதே சபை. 2017இல் மாகாண சபைத் தேர்தல் முறையை விகிதாசாரத்திலிருந்து, தொகுதியும் விகிதாசாரமும் சேர்ந்த கலப்பு முறையாக மாற்றிச் சட்டம் கொண்டுவந்தார்கள். அதற்குத் தொகுதி எல்லை பிரிக்க வேண்டும். எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்துக்கு வந்தபோது ஒருவர்கூட ஆதரவாக வாக்களிக்கவில்லை, எங்கள் தமிழ் உறுப்பினர்களும் சேர்த்துத்தான். பழைய முறை போய்விட்டது, புதிய முறை பிறக்கவில்லை. ஒன்பது மாகாணமும் அந்த இடைவெளிக்குள் விழுந்தது. தெற்கில் அதைப் பெரிய இழப்பாக உணராதவர்கள் இருக்கலாம், அவர்களுக்குக் கொழும்பிலேயே ஒரு அரசாங்கம் இருக்கிறது. எங்களுக்கு, எங்கள் மொழியில் எழும்பிப் பதில் சொல்ல வேண்டிய அமைச்சர்கள் இருந்த ஒரே இடம் அந்தச் சபை.

நீதிமன்றம் இங்கேயும் பேசியிருக்கிறது. உள்ளூராட்சித் தேர்தலை நடத்தாமல் விட்டது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2025 மே மாதம் அந்தத் தேர்தல் நடந்தது. பிரதேச சபைகளில் இப்போது சத்தம் கேட்கிறது, நல்லது. பிரதேச சபைக்கும் பாராளுமன்றத்துக்கும் நடுவில் உள்ள படிதான் இல்லை.

உங்களிடம் கேட்பது இதுதான். பழைய விகிதாசார முறைக்குத் தற்காலிகமாகவாவது திரும்ப ஒரு சிறிய திருத்தம் போதும் என்று சட்டம் தெரிந்த பலர் சொல்லிவருகிறார்கள். ஆறு பேரும் சேர்ந்து அதைக் கேளுங்கள். ஒரு கட்சி கொண்டுவந்தால் மற்றக் கட்சி பேசாமல் இருக்கும் பழக்கத்தை இந்த ஒரு விசயத்திலாவது விடுங்கள். அந்தத் திருத்தத்தில், சபையின் காலம் முடிந்து இத்தனை நாளுக்குள் தேர்தல் என்று திகதியை எவரும் தள்ளிப்போட முடியாதபடி எழுதச் சொல்லுங்கள். துவாலுவின் வழக்கு வந்ததே, தொடக்கிவைப்பது ஒருவரின் கையில் இருந்ததால்தான்.

புதிய அரசியலமைப்புப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எல்லோரும் நிறைவேற்று சனாதிபதி முறை இருக்குமா போகுமா என்றே கேட்கிறார்கள். அதைக் கேளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பேச்சுக்குள் ஆளுநரை மறந்துவிடாதீர்கள். சனாதிபதி பெயரளவுத் தலைவராக மாறி, அவர் நியமிக்கும் ஆளுநர் மட்டும் பழைய அதிகாரத்தோடு யாழ்ப்பாணத்தில் இருந்தால் எங்களுக்கு என்ன மாறியது? ஆளுநர் ஆலோசனைப்படி நடக்க வேண்டியவை எவை என்று வரிவரியாக எழுதச் சொல்லுங்கள். "தற்றுணிபு" என்ற சொல் எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் விரல் வைத்து ஏன் என்று கேளுங்கள். நியமனத்துக்கு முன் மாகாண சபை உறுப்பினர்களிடம் அபிப்பிராயம் கேட்கும் வழியை எழுதச் சொல்லுங்கள். பதினோராயிரம் பேர் வாழும் நாட்டில் முடிந்தது இங்கே முடியாதா?

2023இல் துவாலு தன் அரசியலமைப்பை மறுபடி எழுதியது. கடல் மட்டம் உயர்ந்து தங்கள் நிலம் போனாலும் தங்கள் அரசு என்றைக்கும் இருக்கும் என்று அதில் எழுதியிருக்கிறார்கள். ஊர் முழுவதும் எழும்பி, பாயும் பானையுமாக நடந்தவர்கள் நாங்கள். முள்ளிவாய்க்கால்வரை போய்த் திரும்பியவர்கள். அந்த வரியை வாசித்தபோது எனக்கு அந்த மக்கள் அந்நியராகத் தெரியவில்லை.

சிறுபோகக் கூட்டங்கள் தொடங்கும்போது முத்தையன்கட்டுக்கோ வவுனிக்குளத்துக்கோ கட்டுக்கரைக்கோ உங்களில் யாராவது வருவீர்கள், வழக்கம்தானே. முன் வரிசையில் இருக்காமல் கமக்காரரோடு இருந்து ஒரு கூட்டத்தை முழுவதும் பாருங்கள். முடிந்ததும் அங்கே வைத்தே, மாகாண சபைத் தேர்தலுக்கு நீங்கள் பாராளுமன்றத்தில் என்ன செய்தீர்கள், எந்தத் திகதியில் எழும்பிப் பேசினீர்கள் என்று சனத்துக்குச் சொல்லுங்கள். என்னுடைய அந்த மாணவி இப்போது வவுனியாவில் ஆசிரியையாக இருக்கிறாள். அதே பாடத்தைத்தான் படிப்பிக்கிறாள். அவளுக்கும் ஒரு பிரதி அனுப்புகிறேன். உங்கள் பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசறிவியல் ஆசிரியை ஒருவர்,
முல்லைத்தீவு மாவட்டம்